மூன்று மகன்கள் என்ற வரி

வியாழக்கிழமை காலை, கோப்பியை ஆற்றிக்கொண்டே ஹபீபா மடிக்கணினியைத் திறந்தபோது புதிய கட்டுரைகளின் பட்டியலில் முதல் ஆளாக அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். ‘முராத் ரோஜா சர்பத்.’ எழுதியவர் குவெக். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். எழுத்து மாறவில்லை.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்த இணையக் களஞ்சியத்தில் அவள் ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். கணவர் இறந்த பிறகு வீட்டில் சுவர்களோடு பேச ஆரம்பித்துவிட்டோமோ என்று பயந்து, நூலகத்தில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனதுதான் தொடக்கம். இப்போது சிங்கப்பூர் யூதர்களைப் பற்றி அவள் எழுதாதது கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கடையை அடைத்துவிடும் அடுமனை, பாதித் தெருவின் பையன்களுக்கு வேதம் ஓதக் கற்றுக்கொடுத்த கண் தெரியாத ஆசிரியர், சாலையை அகலப்படுத்தியபோது வரைபடத்திலிருந்தே காணாமல்போன சந்து, ரயில் வருகிறது என்று கிளறி எடுத்து வேறிடத்தில் புதைத்த இடுகாடு என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு புத்தகமோ பழைய செய்தித்தாளோ சான்றாக வேண்டும். அந்தக் கண்டிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. வாய்க்கு வந்ததைப் பேசுகிற உலகத்தில் இப்படி ஓர் இடமாவது இருக்கிறதே என்று நினைப்பாள்.

அப்பாவைப் பற்றி மட்டும் அவள் எழுதவில்லை. சொந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதக்கூடாது என்பது களஞ்சியத்தின் விதி. விதியை மதிக்கிறேன் என்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆனால் யாராவது ஒருநாள் எழுத மாட்டார்களா என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது எழுதியிருக்கிறார்கள். நிதானமாக வாசித்தாள். மிடில் ரோட்டில் ஹெஸ்கேல் முராத் தொடங்கிய சிறு தொழிற்கூடம். போத்தலில் மான் படம் போட்ட சீட்டு. நோன்பு மாதத்தில் மலாய்க்காரர்கள் பாலில் கலந்து குடிக்க வரிசையில் நின்று வாங்கிய சர்பத். ‘பாரசீக ரோஜாவிலிருந்து தயாரிக்கப்பட்டது’ என்ற வரி வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாரசீகமாவது ஒன்றாவது! சிராங்கூன் சாலையில் மாலை கட்டுகிறவர்களிடம் சாயங்காலம் மீந்துபோன ரோஜாவைச் சாக்கில் வாங்கி வருவார் அப்பா. நாரும் மல்லிகையும் கலந்து கிடக்கும். சாக்கைத் தரையில் கொட்டி, பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பொறுக்க வேண்டும். மல்லிகை ஒன்று தப்பி உள்ளே போனாலும் அப்பாவின் நாக்குக்குத் தெரிந்துவிடும். “யாருடா இன்னிக்கு கல்யாணப் பொண்ணை அண்டாவுல போட்டது?” என்று கத்துவார். சீட்டில் பாரசீகம் என்று அச்சடித்திருந்தது. குவெக் அதை அப்படியே நம்பி எழுதிவிட்டார். சீட்டு ஒரு சான்று. சாக்கு சான்றில்லை.

சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே கடைசிப் பத்திக்கு வந்தாள். ‘முராத் 1969இல் காலமானார். அவருக்கும் அவர் மனைவி ஃபர்ஹாவுக்கும் மூன்று மகன்கள்.’

வரியின் முடிவில் சிறிய எண். அழுத்தினாள். ஓர் ஆங்கில நாளிதழின் மரண அறிவிப்பு. நூலகத்தின் பழைய செய்தித்தாள் சேகரத்தில் பக்கம் திறந்தது. அப்பாவின் பெயர், வயது, அடக்கம் நடந்த இடம். ‘மனைவியையும், மெனாஷி, சியோன், எஸ்ரா ஆகிய மூன்று மகன்களையும் விட்டுச் சென்றார்.’ அடுத்த வரியில் வேறு யாரோ செத்துப் போயிருந்தார்கள்.

அந்த அறிவிப்பை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. துக்கம் காத்த ஏழு நாளும் வீட்டுக்குள் செய்தித்தாள் வரவில்லை. பத்தொன்பது வயதில், அண்ணன்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். இடுகாட்டுக்குக் கிளம்பும் முன் மூத்த அண்ணன் மெனாஷிதான் அவள் சட்டையின் கழுத்தைக் கிழித்துவிட்டான். இடப்பக்கம், நெஞ்சுக்கு மேலே. வேறு யார் செத்தாலும் வலப்பக்கம்தான் கிழிக்கும் வழக்கம். அப்பா அம்மாவுக்கு மட்டும் இடப்பக்கம். துணி கிழிந்த சத்தம் அவளுக்கு இன்னும் கேட்கும். கிழித்த கையால்தான் அதே நாள் காலையில் அவன் செய்தித்தாளுக்கு அந்த அறிவிப்பையும் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

கோப்பி ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது.

ஹபீபா பிறந்தது சீனக் கணக்கில் புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் குடும்பத்தைத் தின்றுவிடும் என்று பயந்து, பக்கத்துத் தெருவில் இருந்த ஹொக்கியன் சீனக் குடும்பம் ஒன்று அவளைக் கொடுத்துவிட முடிவு செய்தது. இரண்டு வீட்டுக்கும் துணி துவைத்த அம்மாள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து ஃபர்ஹாவின் மடியில் வைத்தாள். மூன்றும் ஆணாகப் பிறந்துவிட்ட வீடு அது. யூத வழக்கப்படி முழுக்கு நீரில் முக்கி, பெயர் வைத்து, பாட்டும் பாடி அவளை முராத் ஆக்கினார்கள். இதை யாரும் அவளிடம் மறைத்ததில்லை. கண்ணாடி இருக்கும் வீட்டில் மறைக்கவும் முடியாது. கடைக்கு வருகிறவர்கள் அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தால் அப்பாவே முந்திக்கொள்வார்: “என் பொண்ணுதான். முகம் மட்டும் பக்கத்துத் தெருவுல வாங்கினது.” சொல்லிவிட்டு, தானே முதலில் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு இருந்தவரை அவளுக்கு எதுவும் உறுத்தவில்லை. இப்போது எழுபது தாண்டிய வயதில், வெளிநாட்டிலிருந்து யூத ஆலயத்துக்குத் தொழ வருகிற யாராவது “கல்யாணத்துக்காக மதம் மாறினீங்களா?” என்று கேட்டால், “இல்ல, ஆறு நாள் குழந்தையா இருந்தப்போ ஒரு ஆளை லவ் பண்ணேன்” என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு வாய் இருந்தது. ஆனால் அச்சில் வந்த வரியிடம் வாய் காட்ட முடியாது.

குவெக்குக்குத் தொலைபேசினாள். மதியம் நூலகத்துக்குக் கீழே உள்ள கோப்பிக்கடைக்கு வரச் சொன்னாள்.

குவெக் பேருந்துப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் ஓடிய, ஓடி நின்றுபோன எல்லாப் பேருந்துத் தடங்களைப் பற்றியும் களஞ்சியத்தில் எழுதியிருந்தார். பழைய கண்ணாடிப் போத்தல் சேர்ப்பது அவருக்கு இன்னொரு பைத்தியம். சர்பத் கட்டுரை அப்படித்தான் பிறந்தது. ஆறு வருஷமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார்கள். சண்டை போடாத ஞாயிறு கிடையாது.

“என்ன மேடம், வியாழக்கிழமையில கூப்பிட்டிருக்கீங்க? ஓய்வு நாளுக்குச் சமையல் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். உணவு விதிப்படி ஹபீபா வெளியில் கறுப்புக் கோப்பி மட்டும்தான் குடிப்பாள் என்பது தெரியும். கேட்காமலேயே சொல்லிவிட்டிருந்தார்.

“ஹெஸ்கேல் முராத் எங்கப்பா” என்றாள்.

குவெக் கோப்பியைக் கலக்குவதை நிறுத்தினார். “உங்க குடும்பப் பேரு வேற இல்ல?”

“அது புருஷன் பேரு.”

“அப்படியா…” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஆறு வருஷமாகப் பார்த்த முகத்தைப் புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. “நான் வந்து… நீங்க கல்யாணம் பண்ணி மாறினவங்கன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க. நானா ஒருநாளும் கேட்டதில்ல.”

எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். ஆனால் இந்த மனிதர் கேட்கவே இல்லாமல் அதை முடிவு செய்து வைத்திருந்தார் என்பது அவளுக்கு எங்கோ போய்க் குத்தியது.

“மூணு பசங்கன்னு போட்டிருக்கீங்க. நாங்க நாலு பேரு.”

“பேப்பர்ல மூணுதானே இருக்கு.”

“பேப்பர்ல தப்பு.”

“இருக்கலாம். எது சரின்னு எந்த பேப்பர்ல இருக்கு?”

“நான் இருக்கேனே, குவெக். உங்க முன்னாடி உக்காந்திருக்கேன். நானே சான்று.”

குவெக் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “அது முடியாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே மேடம்? லண்டன்லேர்ந்து ஒரு பெரியவர், எங்க மாமாதான் அந்தச் சந்துல முதல்ல வீடு கட்டினாரு, நான் பார்த்தேன்னு எழுதினாரே. நீங்க என்ன பதில் போட்டீங்க? ‘நேரில் பார்த்தது சான்றாகாது’ன்னு போட்டீங்க. நான் அதைப் படிச்சிட்டு, அடேயப்பா, இந்தம்மா பஸ்ல வேலை பார்த்திருக்கணும்னு நெனச்சேன்.”

அவளுக்கு அந்தப் பெரியவரின் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

“அண்ணன் என் சட்டையைக் கிழிச்சான்” என்றாள். இடப்பக்கம், வலப்பக்கம் என்று விளக்கினாள். குவெக் அக்கறையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “இதெல்லாம் எங்கேயாவது அச்சுல வந்திருந்தா நான் இப்பவே போட்டுடுவேன். பாருங்க, நான் டிக்கெட் இல்லைன்னு என் சொந்த மச்சானையே பஸ்ஸை விட்டு இறக்கினவன். ஒரு வருஷம் என் பொண்டாட்டி எனக்குக் கஞ்சிதான் ஊத்தினா. உங்களுக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதின்னு வெச்சா, அப்புறம் உங்க கட்டுரையை யாரு நம்புவாங்க?”

அவர் சொல்வது சரி என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. கோப்பிக்கு அவர் காசு கொடுப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

சியோன் சிட்னியில் இருந்தான். மற்ற இரண்டு அண்ணன்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எண்பதைத் தாண்டியும் அவனுக்குக் குரல் மட்டும் இறங்கவில்லை. காணொளியில் எப்போதும் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் நெற்றி திரைக்கு நெருங்கி வந்தது.

“யாரு எழுதிக் கொடுத்தது?”

“மெனாஷிதான். வேற யாரு?”

“ஏன் அப்படி எழுதினான்?”

“அதைத்தான் உன்னைக் கேக்கறேன்.”

“எனக்கெப்படித் தெரியும்? அன்னிக்கு நான் அம்மாவைப் பிடிச்சிட்டிருந்தேன். செத்துப் போனவனை எழுப்பியா கேக்க முடியும்? ஹபூ, அவன் உன்னை விட்டுட்டான்னா நெனைக்கிற? உன் கல்யாணத்துக்கு என்னைவிட அவன்தான் அழுதான்.”

“அழுதான். அதுவும் அச்சுல வரலையே.”

“சரி விடு. நான் எழுதறேன்.”

“நீயா? உனக்கு மெயிலையே பேரன்தான் திறந்து குடுக்கறான்.”

“எந்தப் பட்டனை அமுக்கணும்னு மட்டும் சொல்லு. எவன் தடுக்கறான்னு பாக்கறேன்.”

அவள் சொல்லவில்லை. குடும்பத்தார் எழுதக்கூடாது என்று விளக்கினாள். சியோன் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, சமையல் வாசனை வருகிறது, பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பார்த்தபோது கட்டுரையின் கடைசி வரி மாறியிருந்தது. ‘மூன்று மகன்கள் மற்றும் ஒரு மகள். மகள் பெயர் ஹபீபா. இதை எழுதுவது அவளுடைய அண்ணன்.’ ஒரு மணி நேரத்தில் குவெக் அதை நீக்கியிருந்தார். நீக்கிய காரணம்: ‘சான்று தேவை.’

திங்கட்கிழமை மறுபடி வந்தது. ‘மூன்று மகன்கள், ஒரு மகள் ஹபீபா. குவெக் அவர்களுக்கு: நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தீர்களா? நான் இருந்தேன்.’ குவெக் நீக்கினார். ‘சான்று தேவை. பேச்சுப் பக்கத்தில் எழுதவும்.’ வாதங்களுக்கென்று தனியாக இருக்கும் பேச்சுப் பக்கத்தை சியோன் தேடிக் கண்டுபிடித்திருக்க மாட்டான். செவ்வாய்க்கிழமை நேராகக் கட்டுரையிலேயே எழுதினான். ‘ஹபீபா எங்கள் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பாட ஆரம்பித்தால் அடுத்த அடியை அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் சுருதி கிடையாது என்று அப்பா சொல்வார்.’

ஹபீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிப்பதற்குள் வரி போய்விட்டிருந்தது.

அவள் சியோனைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கலாம். குவெக்கைக் கூப்பிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தினமும் காலையில் கோப்பியோடு வந்து உட்கார்ந்து, இன்றைக்கு அண்ணன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒருநாள், அப்பா சவரம் செய்யும்போது கண்ணாடி பிடிக்க அவளை மட்டும்தான் விடுவார் என்று எழுதியிருந்தான். இன்னொரு நாள், சீட்டு ஒட்டும் பசையை அவள் தின்றுவிட்டு மூன்று நாள் வயிற்று வலியால் துடித்ததும், டாக்டர் மலாயில் திட்டியதும். வேறொரு நாள், பள்ளியில் ஒருத்தி அவளை ‘பொறுக்கி எடுத்தது’ என்று சொன்னதற்காகச் சின்ன அண்ணன் எஸ்ரா அந்தப் பெண்ணின் அண்ணனை அடித்து மூக்கை உடைத்தது. அது ஹபீபாவுக்கே தெரியாது. எஸ்ரா ஒருநாளும் சொன்னதில்லை. அவன் சாந்தமான பிள்ளை என்றுதான் அவள் கடைசிவரை நினைத்திருந்தாள். அவன் கல்லறையில் அப்படித்தான் பொறித்தும் இருக்கிறது.

எல்லாவற்றையும் குவெக் நீக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் வேறு ஏதோ நாட்டில் இருந்த ஒரு நிர்வாகி கவனித்து, மாற்றி மாற்றித் திருத்தித் தொகுப்புப் போர் நடத்துவதாகச் சொல்லி சியோனுக்கு ஒரு வாரம் தடை போட்டார். சியோனுக்குப் பெருமை தாங்கவில்லை. “எண்பத்தொண்ணு வயசுல தடை வாங்கியிருக்கேன்! ஸ்கூல்லகூட வாங்கினதில்ல” என்று ஹபீபாவைக் கூப்பிட்டுச் சொன்னான். பேரன்கள் பின்னால் கைதட்டினார்கள்.

அந்த வாரம் குவெக் நூலகச் சந்திப்புக்கு வரவில்லை. அடுத்த வாரம் ஒரு மதியம் அவளுடைய சிலிகி ரோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. கையில் ஒரு நெகிழிப் பை, முகத்தில் தூக்கமில்லாதவரின் சுணக்கம். உள்ளே வந்து காலணியைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் வாங்கி ஓரமாக வைத்தாள்.

“உங்கண்ணன் என்னைப் பத்தி என்ன சொன்னாரு?”

“உங்க வீட்டுல சோறு போடறாங்களான்னு கேட்டான்.”

“ம்.” உட்கார்ந்தார். “நான் பத்து நாளா பழைய பேப்பர்தான் பாத்துட்டிருக்கேன் மேடம். கல்யாண அறிவிப்பு, ஸ்கூல் ரிசல்ட்டு, நீச்சல் போட்டி, எல்லாம். என் பொண்டாட்டி, யாரோ ஒரு பொண்ணைத் தேடறீங்கன்னு தெரியுது, யாருன்னு மட்டும் சொல்லுங்கன்னா. ஒண்ணே ஒண்ணு கிடைச்சுது.”

பையிலிருந்து எடுத்த அச்சுத்தாளை மேசையில் வைத்து, மடிப்பைக் கையால் நீவிக் கொடுத்தார். யூதப் பிள்ளைகளின் பூரிம் திருநாள் கொண்டாட்டம் பற்றிய சிறு செய்தி. மாறுவேடப் போட்டியில் வென்றவர்கள். முதல் பரிசு, ‘சீன இளவரசி’யாக வந்த செல்வி டெய்ஸி ஷஹ்மூன். இரண்டாம் பரிசு, ‘தீயணைப்பு வீரர்’. மூன்றாம் பரிசு, திருநாள் கதையின் யூத நாயகி ‘எஸ்தர் ராணி’யாக வந்த செல்வி ஹபீபா முராத், வயது எட்டு.

ஹபீபா முதலில் சத்தமில்லாமல்தான் சிரித்தாள். பிறகு அடக்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். குவெக் பதறிவிட்டார். “என்ன மேடம், என்ன ஆச்சு?”

“டெய்ஸி!” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. “கண்ணு ரெண்டையும் மையால இழுத்துட்டு வந்திருந்தா. மூஞ்சி முழுக்க மாவு. ஜட்ஜு ஒரு வெள்ளைக்காரம்மா. அவங்க என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, அவதான் அசல் சீனப் பொண்ணு மாதிரி இருக்கான்னு சொல்லிட்டாங்க. நான் அழுதுட்டே வந்தேன். எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? ‘நீ ஏன் அழற? உன்னை எஸ்தர்னு நம்பினாங்க இல்ல, அதுக்குத்தான் பரிசு. அவளை யாரு நம்பினது?’ன்னு சொல்லி, தோள்ல தூக்கிட்டு மிடில் ரோடு முழுக்க நடந்தாரு. கிரீடம் அவரு தலையில.”

குவெக்கும் சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகு இருவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்தாள்.

“இதுல மகள்னு இல்ல” என்றார் குவெக், தொண்டையைச் செருமிக்கொண்டு. “முராத்னு குடும்பப் பேரு இருக்கு. ஆனா ஹெஸ்கேல் முராத்தோட மகள்னு இல்ல. எந்த முராத்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?”

“தெரியும்.”

“ஆனா ஒண்ணு பண்ண முடியும். ராத்திரி பூரா யோசிச்சேன். ஒரு பேப்பர் மூணு மகன்கள்னு சொல்லுது. இன்னொரு பேப்பர், அதே பேர்ல ஒரு பொண்ணு இருந்தான்னு சொல்லுது. அப்போ மூணுதான்னு உறுதியாச் சொல்ல முடியாது இல்லையா? உறுதியில்லாததை நாம போடக்கூடாது. விதி அதுதான். அதனால அந்த வரியையே காலையில எடுத்துட்டேன்.”

அவள் எழுந்து மடிக்கணினியைத் திறந்தாள். ‘முராத் 1969இல் காலமானார்’ என்பதோடு கட்டுரை முடிந்திருந்தது. அம்மாவின் பெயர் இல்லை. மெனாஷி இல்லை, சியோன் இல்லை, எஸ்ரா இல்லை. அவளும் இல்லை. இல்லாத வரிசையில் அவள் முதன்முறையாக அவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“சாப்பிட்டுப் போங்க” என்றாள் குவெக்கிடம். ஊறவைத்த வெந்தயத்தை நுரை பொங்க அடித்து, எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சேர்த்து, ரொட்டியோடு வைத்தாள். அவர் முதல் வாயில் முகத்தைச் சுளித்தார். மூன்றாவது வாயில் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மான் படம் போட்ட போத்தல் ஒன்று தன்னிடம் மூடியோடு இருக்கிறது என்றும், அவளுக்கு வேண்டுமென்றால் தருவதாகவும் சொன்னார். வேண்டாம், அவரிடமே இருக்கட்டும் என்றாள்.

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, சியோன் மதியம் இரண்டரை மணிக்கே கூப்பிட்டான். சிட்னியில் சூரியன் சீக்கிரம் இறங்கிவிடும். அவர்களுக்கு ஓய்வு நாள் முதலில் வந்துவிடும்.

“அடப்பாவி, என்ன பண்ணி வெச்சிருக்கான் உன் பஸ்காரன்! இப்ப அப்பாவுக்குப் பிள்ளைங்களே இல்லையா?”

“இப்பதான் நாலு பேரும் ஒண்ணா இருக்கோம்.”

“நல்லா இருக்கு நியாயம்! உனக்காகச் சண்டை போட்டு என் பேரும் போச்சு.” பிறகு குரல் தணிந்தது. “நான் எழுதினதெல்லாம் போயே போச்சா, ஹபூ? ஒரு விரலால தட்டித் தட்டி எழுதினது. திரும்ப எழுதச் சொன்னா வராது.”

“போகல. வரலாறுன்னு ஒரு பக்கம் இருக்கு. யார் எப்ப என்ன எழுதினாங்க, யார் எடுத்தாங்கன்னு எல்லாம் அதுல அப்படியே இருக்கும். யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்க, அவ்வளவுதான்.”

“கடைசியா எழுதினதைப் பாத்தியா? தடை போடறதுக்கு முன்னாடி எழுதினது.”

“எது?”

“அப்போ பாக்கலையா?” என்றவன், யாரோ கூப்பிட, “விளக்கு ஏத்தப் போறாங்க, சப்பாத் ஷாலோம்” என்று ஓய்வு நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு மறைந்தான். கடைசியாகத் தெரிந்தது மின்விசிறி.

கோழியும் சோறும் அடுப்பில் மெல்லிய தீயில் ஏறியிருந்தன. நாளை மதியம்வரை அப்படியே இருக்கும். அவளுக்குச் சூரியன் இறங்க இன்னும் நேரம் இருந்தது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். கட்டுரையின் வரலாற்றைத் திறந்தாள். சியோன், குவெக், சியோன், குவெக் என்று இரண்டு பெயர்களும் ஏணிப் படிகளைப் போல மாறி மாறி இறங்கின. சியோன் கடைசியாக எழுதிய பதிப்பை அழுத்தினாள். புதிதாகச் சேர்த்த எழுத்து நீலப் பட்டைக்குள் நின்றது. எழுத்துப்பிழை நிறைய. முற்றுப்புள்ளி வேண்டிய இடங்களில் இல்லை.

‘ஹபீபா வந்த அன்று அப்பா சர்பத் காய்ச்சிக்கொண்டிருந்தார். துணி துவைக்கும் அம்மா குழந்தையை உள்ளே கொண்டுபோனாள். அப்பா கரண்டியோடு பார்க்கப் போனார். திரும்பி வரவே இல்லை. அண்டா முழுக்கத் தீய்ந்துவிட்டது. தெரு முழுக்கக் கருகின சர்க்கரையும் ரோஜாவும் நாறியது, அடுத்த நாளும் போகவில்லை. எல்லோரும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பெண் பிறந்திருக்கிறாள் என்று அப்பா சொன்னார். வந்திருக்கிறாள் என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார்.’

அதற்கு மேலே, நீக்கியதற்கான குறிப்பு. குவெக் வழக்கமாக இரண்டே சொல்தான் போடுவார். இங்கே மூன்று இருந்தன. ‘சான்று இல்லை. மன்னிக்கவும்.’

ஹபீபா ‘அடுத்த திருத்தம்’ என்பதை அழுத்தினாள். நீலப் பட்டை போய், அந்த இடம் வெறுமையானது. ‘முந்தைய திருத்தம்’ என்பதை அழுத்தினாள். அண்டா தீய்ந்தது, தெருவில் ஜன்னல்கள் திறந்தன, அப்பா கரண்டியோடு வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தது. வெறுமை. முந்தையது. வெளிச்சம் மேசையிலிருந்து மெல்ல இறங்கித் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. விளக்கு ஏற்ற எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.